இரண்டாம் முறை

டோக்கியோ பெருநகரப் பகுதியில் இருக்கும் சோஃபு நகரம். 2012 டிசம்பர் 20, மதியம். ஒரு தொடக்கப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானின் பெரும்பாலான தொடக்கப்பள்ளிகளில் மதிய உணவு வகுப்பறையிலேயே நடக்கும். வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் முறைவைத்துப் பரிமாறுவார்கள். ஆசிரியரும் கூடவே உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுவார். அன்று சிஜிமி. கொரியாவிலிருந்து வந்த பண்டம். மாவைக் கரைத்துத் தட்டையாகச் சுடுவது, நம் அடைக்குத் தூரத்து உறவு. அன்றைக்கு அதில் உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்திருந்தார்கள்.

அந்த வகுப்பில் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பால் அலர்ஜி. பள்ளிக்குத் தெரியும், சமையல்கூடத்துக்குத் தெரியும், அவளுக்கே நன்றாகத் தெரியும். சீஸ் போடாத சிஜிமியை அவளுக்கென்று தனியாகச் சுட்டு, தனியாகக் கொடுத்தார்கள். சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

பாத்திரத்தில் சிஜிமி மிச்சமிருந்தது. இன்னும் யாருக்கு வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது சிறுமி கையைத் தூக்கினாள். துளி மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடிப்பது என்று வகுப்பே ஒரு முனைப்பில் இருந்திருக்கிறது. தானும் கைகொடுக்க நினைத்தாள் என்பது பிறகு தெரியவந்தது. அம்மா வீட்டிலிருந்து குறித்துக் கொடுத்த தாளை ஆசிரியர் பார்த்தார். சிஜிமிக்கு நேரே குறி எதுவும் இல்லை. மறுபங்கு கேட்டால் பார்க்க வேண்டிய வேறொரு பட்டியல் பள்ளியிடம் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உடம்பு என்னவோ போலிருக்கிறது என்றாள். அவளுக்கு ஆஸ்துமாவும் உண்டு. ஆசிரியர் அவள் பையிலிருந்து எபிபென் என்ற பேனா ஊசியை எடுத்து, இதைப் போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். கழிவறைக்குப் போக வேண்டும் என்றாள். தூக்கிக்கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸுக்கும் சொன்னார்கள். தலைமை ஆசிரியர் வந்து ஊசியைப் போட்டபோது, அவள் முதலில் முறையிட்டதிலிருந்து சுமார் 14 நிமிடம் ஓடியிருந்தது. அன்று மாலையே இறந்துபோனாள்.

மருந்து வகுப்பறையிலேயே, ஆசிரியர் கையிலேயே இருந்தது. அப்படியும் 14 நிமிடம் எங்கே போயிற்று என்று புரிய வேண்டுமானால், அந்த நேரத்தில் அவள் உடம்புக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் 'ஒத்துக்காது' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறோம். பால் குடித்தால் வயிறு பொருமுகிறவருக்கும் பால் ஒத்துக்காது. சோஃபு சிறுமிக்கும் பால் ஒத்துக்காது. ஆனால் இரண்டும் வேறு வேறு. முதலாமவருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி போதவில்லை, அவ்வளவுதான். வயிறு படுத்தும், உயிரை எடுக்காது. இரண்டாவது, பாலின் புரதத்தைக் கிருமி என்று நம்பி உடம்பின் காவல்படை தொடுக்கும் போர். ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துவதால்தான், 'கொஞ்சம் சாப்பிட்டுப் பழகினால் சரியாகிவிடும்' என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் கிடைக்கிறார்கள்.

இந்தப் போரின் விசித்திரம், அது முதல் முறையில் நடப்பதில்லை. இதைக் கண்டவர்கள் தேடிப்போனது இதற்கு நேர்மாறானதை. 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆராய்ச்சிக் கப்பலில் சார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் கடல் உயிரிகளின் நஞ்சை ஆராய்ந்தார்கள். ஊர் திரும்பியபின், கடற்சாமந்தியின் நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் நாய்களுக்கு எதிர்ப்புச் சக்தி வரும் என்று எதிர்பார்த்தார்கள். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டது. சில வாரம் கழித்துச் சிறு அளவில் மறுபடி போட்டதும் அரைமணி நேரத்துக்குள் செத்துப்போனது. காப்பு வரும் என்று பார்த்தால் காப்புக்கு எதிரானது வந்து நின்றது. அந்தப் பொருள்படவே 'அனஃபிலாக்சிஸ்' என்று கிரேக்கத்தில் பெயரிட்டார்கள். 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதல் சந்திப்பில் உடம்பு சத்தமில்லாமல் ஆயத்தம் செய்கிறது, இரண்டாம் சந்திப்பில் பாய்கிறது. அப்படியானால் முதல் சந்திப்பின் நினைவு எங்கே தங்குகிறது? 1921இல் ஜெர்மானிய மருத்துவர் பிரௌஸ்னிட்ஸ், மீன் அலர்ஜி உள்ள தன் சக மருத்துவர் கூஸ்ட்னரின் ரத்தத்தில் தெளிந்த நீரை எடுத்துத் தன் வயிற்றுத் தோலில் ஊசியாகப் போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தினார். மீனால் ஒருபோதும் தொல்லைப்படாத பிரௌஸ்னிட்ஸுக்கு அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. நினைவு ரத்தத்தில் மிதக்கும் ஏதோ ஒரு பொருளில் இருக்கிறது என்று தெரிந்தது. என்ன பொருள் என்பது இன்னும் 45 ஆண்டுக்குத் தெரியவில்லை. கடைசியில் 1966இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் அதைப் பிடித்தவர்கள் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி. ரத்தத்தில் அது இருக்கும் அளவு அற்பத்திலும் அற்பம், அதை உணர மனிதத் தோலைவிட நுட்பமான கருவி அப்போது கிடையாது. அதனால் தங்கள் முதுகிலேயே ஊசி போட்டுத் தடிப்பைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் சுவீடனிலும் இரண்டு பேர் வேறு வழியாக அதை எட்டினார்கள். 1968இல் அதற்கு ஐஜிஇ என்ற பெயர் நிலைத்தது.

ஐஜிஇ என்பது காவலாளி அல்ல, வாசலில் கட்டிய பொறி. நம் தோலுக்கடியிலும் மூச்சுக்குழாய்ச் சுவரிலும் குடலிலும், அதாவது வெளியுலகம் நம்மைத் தொடும் இடங்களிலெல்லாம், மாஸ்ட் செல் என்ற உயிரணுக்கள் குந்தியிருக்கின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ரசாயனம் அடைத்த நுண்பைகள். முதல் சந்திப்பில் உருவான ஐஜிஇ போய் இந்த மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். இரண்டாம் முறை அதே புரதம் வந்து இரண்டு ஐஜிஇகளை ஒருசேரப் பற்றியதும் நுண்பைகள் வெடித்துத் திறக்கின்றன. ஹிஸ்டமினும் அதன் கூட்டாளிகளும் கொட்டுகின்றன. தோலில் இது நடந்தால் நாம் காணாக்கடி என்கிறோம். அரிக்கும், தடிக்கும், மாலைக்குள் அடங்கும். உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நடந்தால் அதுதான் அனஃபிலாக்சிஸ்.

அப்போது இரண்டு காரியம் நடக்கும். மூச்சுக்குழாய் இறுகும். இது கண்ணுக்கும் காதுக்கும் தெரியும்: இருமல், வீசிங், குரல் கம்மல். மற்றது தெரியாது. ரத்தக்குழாய்கள் தளர்ந்து சல்லடையாகிவிடும். ரத்தத்தின் நீர்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பத்தே நிமிடத்தில் குழாயைவிட்டு வெளியே கசிந்துவிடக்கூடும். வெட்டுக்காயம் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் தரையில் இல்லை, ஆனால் உள்ளே பெருக்கு. இதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கும். இறைப்பதற்குத் தண்ணீர் இல்லாத ஏற்றம் மாதிரி.

இதற்கு மருந்து ஒன்றுதான், அது நம் சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியே செய்யும் பொருள். அட்ரீனலின். ரத்தக்குழாயை இறுக்கும், மூச்சுக்குழாயைத் திறக்கும், இதயத்தை உந்தும், மாஸ்ட் செல் மேற்கொண்டு கொட்டாதபடி அதன் வாயையும் அடைக்கும். இவ்வளவும் செய்கிற இன்னொரு பொருள் மருந்துக்கடையில் இல்லை. காணாக்கடிக்கு விழுங்கும் அலர்ஜி மாத்திரை அரிப்பை ஆற்றும், ஆனால் அது வேலைசெய்யத் தொடங்கவே அரைமணி நேரமாகலாம். இறுகிய மூச்சுக்குழாயையும் வற்றிய ரத்தக்குழாயையும் அது திரும்பிப் பார்க்காது.

அட்ரீனலினைத் தூய படிகமாக முதலில் பிரித்தெடுத்தவரும் ஜப்பானியரே. 1900இல் நியூயார்க்கில் ஜோகிச்சி தகாமினேவும் அவர் உதவியாளர் உவெனகாவும் கால்நடைகளின் சுரப்பியிலிருந்து அதை எடுத்தார்கள். (வாஷிங்டனில் வசந்தம்தோறும் கூட்டம் கூடிப் பார்க்கிற செர்ரி மரங்களை ஜப்பான் பரிசளித்ததில் இந்தத் தகாமினேயின் பணமும் முயற்சியும் உண்டு. வேதியியலாளர் பணக்காரரானால் இப்படியும் செலவழிக்கலாம்.) அதை யாரும் போடக்கூடிய பேனாவாக்கியது பிற்பாடு. நரம்பைத் தாக்கும் விஷவாயுவில் சிக்கிய சிப்பாய் தன் தொடையில் தானே மாற்றுமருந்தைக் குத்திக்கொள்ளும் கருவி ஒன்றை ஷெல்டன் கப்லான் என்ற அமெரிக்கப் பொறியாளரும் குழுவினரும் செய்திருந்தார்கள். அதே விசையை அட்ரீனலினுக்குத் திருப்பியதில் பிறந்தது எபிபென். 1987இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூடியைக் கழற்றி, தொடையின் வெளிப்பக்கத்தில், உடையின் மேலேயே அழுத்தினால் போதும். 2024இல் மூக்கில் அடிக்கும் தெளிப்பானாகவும் அங்கே வந்துவிட்டது.

பேனா செய்தாயிற்று. அதைக் குத்தும் கைதான் தயங்குகிறது. பிரிட்டனில் 1992 முதல் 1998 வரை அனஃபிலாக்சிஸால் இறந்தவர்களின் பதிவுகளை மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதயமோ மூச்சோ நிற்க ஆன நேரத்தின் நடுமதிப்பு, உணவால் என்றால் 30 நிமிடம், பூச்சிக்கடியால் என்றால் 15 நிமிடம். அதற்கு முன்னால் அட்ரீனலின் போடப்பட்டவர்கள் 14 சதவீதம் பேர்தான். இன்னொன்றையும் அவர் பிறகு கவனித்தார். சிலர், படுத்திருந்தவர்களை நிமிர்த்தி உட்காரவைத்தபோதோ எழுப்பி நடத்தியபோதோ, அந்தக் கணத்திலேயே போயிருக்கிறார்கள். குழாயில் மிச்சமிருந்த கொஞ்ச ரத்தமும் காலுக்கு இறங்கிவிட, இதயத்துக்குத் திரும்பி வர எதுவும் இல்லை. அதனால்தான் படுக்கவைத்துக் காலை உயர்த்தச் சொல்கிறார்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரலாம், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கலாம். எழுந்து நடக்க மட்டும் கூடாது.

இப்போது சோஃபு வகுப்பறைக்குத் திரும்பினால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரிகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் ஆஸ்துமா என்றுதானே தோன்றும்? கழிவறைக்குப் போக வேண்டும் என்றால் கூட்டிப்போவதுதானே மனிதத்தன்மை? எல்லாவற்றிலும் என்னைக் குடைவது, போடவா என்று அவளிடம் கேட்டதும் வேண்டாம் என்று அவள் சொன்னதும். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கிற ஆசிரியர் நல்ல ஆசிரியர். ஆனால் ஊசிக்குப் பயப்படும் வயது, மூளைக்குப் போகும் ரத்தமும் குறைந்துகொண்டிருக்கும் நேரம். அந்த வாயிலிருந்து வரும் பதிலை நம்பி முடிவெடுக்க முடியாது.

ஜப்பானுக்கு இது முதல் பாடமும் அல்ல. 1988 டிசம்பரில் சப்போரோவில் சோபா என்ற நெளிகோதுமை நூடுல்ஸ் பள்ளிச் சாப்பாட்டில் வந்தது. அலர்ஜி உள்ள ஆறாம் வகுப்புப் பையன் சாப்பிட்டான், உடம்புக்கு முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள், தனியாக நடந்து போனான், வழியிலேயே இறந்தான். 1992இல் நீதிமன்றம் ஆசிரியரையும் மாநகராட்சியையும் பொறுப்பாக்கியது. உடம்பு சரியில்லாத பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது உலகத்துப் பள்ளிகள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம். அனஃபிலாக்சிஸில் அதைவிட ஆபத்தான யோசனை கிடையாது.

சோஃபுவுக்குப் பிறகு ஜப்பானியர்கள் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, முடிவெடுக்கும் சுமையை ஆசிரியர் தலையிலிருந்து இறக்கிவைத்தது. குழந்தை அலர்ஜி மருத்துவர்களின் சங்கம் 2013இல் 13 அறிகுறிகளை வெளியிட்டது. வயிற்றில் இரண்டு: விடாத வாந்தி, தாங்கமுடியாமல் நீடிக்கும் வயிற்றுவலி. மூச்சில் ஆறு: தொண்டையோ நெஞ்சோ இறுகுவது, குரல் கம்மல், நாய் குரைப்பது போன்ற இருமல், நிற்காத இருமல், வீசிங், மூச்சுத் திணறல். உடம்பு முழுவதற்கும் ஐந்து: உதடோ நகமோ வெளுப்பது, நாடி தளர்வது, நினைவு மங்குவது, துவண்டு விழுவது, தன்னையறியாமல் சிறுநீரோ மலமோ போவது. இதில் ஒன்று இருந்தால் போதும், போடு. யோசிக்காதே. பட்டியலைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். அலர்ஜி என்றதும் நாம் எல்லாரும் முதலில் தேடும் தோல் தடிப்பு அதில் இல்லவே இல்லை. தடிப்பு வராமலும் அனஃபிலாக்சிஸ் வரும், தடிப்பு வந்தவர்களில் பெரும்பாலானோர் மாத்திரையிலேயே தேறிவிடுவார்கள்.

தேவையில்லாமல் போட்டுவிட்டால் என்ன ஆகும்? பிள்ளைக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், முகம் வெளுக்கும், தலை வலிக்கும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். தேவையானபோது போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேலே இரண்டு ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன.

சமையல்கூடமும் மாறியது. 2015இல் கல்வி அமைச்சகம் தந்த வழிகாட்டுதலின் சாரம் எளிமையானது. ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள் ஆகாது என்றால் முழுதாக நீக்கு, ஆகும் என்றால் எல்லாருக்கும் கொடுப்பதையே கொடு. 'இவனுக்குக் கொஞ்சம் பால் பரவாயில்லை, அவளுக்கு வேகவைத்த முட்டை மட்டும்' என்ற அரைகுறைக் கணக்கு பள்ளியில் வேண்டாம். வீட்டில் ஒரு தாய் அந்தக் கணக்கைத் தலையில் வைத்திருக்கலாம், நூற்றுக்கணக்கான தட்டுகள் போகும் கூடத்தில் முடியாது. பண்டத்தின் பெயரிலேயே அதில் இருப்பது தெரிய வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் உண்டு. சீஸ் இருந்தால் சீஸ் சிஜிமி.

ஆபத்து தட்டில் மட்டும் இருப்பதில்லை. மறுசுழற்சிக்காகப் பால் அட்டைப்பெட்டிகளைப் பிள்ளைகளே பிரித்துக் கழுவும் பழக்கம் அங்கே உண்டு. பக்கத்தில் தெறிக்கும் பால் போதும். கைவேலை வகுப்பின் கோதுமைக் களிமண், சோபா மாவு பிசைந்து காட்டும் சுற்றுலா எல்லாம் எச்சரிக்கைப் பட்டியலில் உள்ளன. ஜப்பானிய அரசின் கணக்கெடுப்பில் உணவு அலர்ஜி உள்ள மாணவர்கள் 2013இல் 4.5 சதவீதம், 2022இல் 6.3 சதவீதம். வகுப்புக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள்.

மேற்கு நாடுகளில் பெற்றோர் வேறொன்றைக் கேட்டார்கள். பள்ளிக்குள் வேர்க்கடலையே வரக்கூடாது. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, கடலையைத் தடைசெய்த பள்ளிகளில் அட்ரீனலின் போட வேண்டிவந்தது குறையவில்லை என்றது. கடலை இல்லாத தனி மேசை வைத்த பள்ளிகளில் குறைந்திருந்தது. தடை வந்ததும் எல்லார் கவனமும் தளர்ந்துவிடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். தனி மேசைக்கும் ஒரு விலை உண்டு: எட்டு வயதில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது எளிதல்ல. அதே மாநிலத்தின் முந்தைய கணக்கில் இன்னொரு செய்தி இருந்தது. பள்ளியில் அட்ரீனலின் தேவைப்பட்டவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு உயிருக்கு ஆபத்தான அலர்ஜி இருப்பது அதற்குமுன் பள்ளிக்குத் தெரியாது. பிள்ளையின் பையில் பேனா இருந்தால் மட்டும் போதாது, யாருக்கும் போடும்படி பள்ளிக்கென்று ஒன்று வேண்டும் என்ற சட்டங்கள் இதிலிருந்துதான் வலுப்பெற்றன. அமெரிக்காவில் 2013இல் அதை ஊக்குவிக்கும் சட்டம் வந்தது, பிரிட்டனில் 2017 முதல் பள்ளிகளே வாங்கிவைக்கலாம்.

கை கழுவும் விஷயத்தில் ஒரு சின்ன ஆச்சரியம். கடலை வெண்ணெய் பூசிய கையை வெறும் தண்ணீரில் கழுவினாலும், கிருமிநாசினி ஜெல் தடவினாலும் சிலர் கையில் கடலைப் புரதம் அப்படியே இருந்தது. சோப்பு போட்டதும் போய்விட்டது. கிருமிநாசினி கிருமியைக் கொல்லும். புரதத்தைக் கொல்ல முடியாது, கழுவித்தான் தள்ள வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தமிழ்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். அங்கே அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளை 'சப்ரினா சட்டம்' கட்டுப்படுத்துகிறது. 2003இல் பால் அலர்ஜி உள்ள சப்ரினா என்ற 13 வயது மாணவி பள்ளி உணவகத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினாள். சீஸ் எடுத்த இடுக்கியாலேயே அதையும் எடுத்திருக்கிறார்கள். பேனா அவள் லாக்கரில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவர ஆன நேரத்தில் காலம் கடந்துவிட்டது. 2006 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டப்படி, இப்படிப்பட்ட பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் எழுதிவைக்க வேண்டும், ஊழியர்கள் அனைவருக்கும் முறையாகப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊரில் உணவு அலர்ஜி குறைவு. பெங்களூரு, மைசூரு வட்டாரப் பிள்ளைகளையும் சேர்த்துப் பல நாடுகளில் எடுத்த ஆய்வில், உண்மையான உணவு அலர்ஜி இருக்கக்கூடியவர்கள் இங்கே 0.14 சதவீதம்தான். ஹாங்காங்கில் இதைப்போல் பத்து மடங்கு. ஆனால் ரத்தத்தில் உணவுக்கு எதிரான ஐஜிஇ நம் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவரிடம் இருந்தது. பொறி கட்டியிருக்கிறது, வெடிப்பதில்லை. ஏன் என்பது இன்றைய ஆராய்ச்சியின் நல்ல புதிர்களில் ஒன்று. குறைவு என்பதால் இல்லை என்றாகிவிடாது. மரத்தடி வகுப்பில் கதண்டு கொட்டினாலும் உள்ளே நடப்பது இதேதான், உணவோடு ஒப்பிட்டால் கெடுவும் பாதிதான். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் அவசர மருந்துத் தட்டிலும் அட்ரீனலின் ஆம்ப்யூல் இருக்க வேண்டும். பிள்ளையை அங்கே படுத்தவாக்கில் கொண்டுபோக வேண்டும், அல்லது 108ஐ அழைக்க வேண்டும். தேறிவிட்டாள் என்று வகுப்புக்குத் திருப்பி அனுப்பவும் கூடாது, ஏனென்றால் சிலருக்குச் சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரும்.

உங்கள் பிள்ளைக்கு இப்படி ஒன்று இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால், எது ஆகாது, என்ன அறிகுறி, என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி வகுப்பு ஆசிரியரிடமும் சமையல் செய்யும் அம்மாவிடமும் கொடுங்கள். மறுபங்கு பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் ஆசிரியரானால், பேனா தந்திருந்தால் அதைப் பூட்டி வைக்காதீர்கள். அந்த வேளை வந்து பிள்ளை வேண்டாம் என்று சொன்னாலும் போட்டுவிடுங்கள்.